அந்த வரியை எடுத்துவிடலாமா?

ஆங்கிலக் கேலிச் சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரேயின் படத்துக்கு, கண்காட்சிக்காக நான் எழுதிய விளக்க அட்டையின் கடைசி வரியை எடுத்துவிடலாமே என்று உடன் வேலை செய்யும் மூத்தவர் கேட்டார். நான் மறுத்தேன். வரி அப்படியே அச்சுக்குப் போனது, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் மனதில் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

படம் 1788 மார்ச்சில் லண்டனில் வெளிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான முறைகேட்டு விசாரணை, நாடாளுமன்றம் கூடும் வெஸ்ட்மின்ஸ்டரின் மண்டபத்தில் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாட்டின் உயர்ந்த நீதிப் பதவியான லார்ட் சான்சலர் பதவியில் இருந்த தர்லோ இரத்தக் கடலில் இறங்கி நடக்கிறார், அவர் தோள்மேல் பண மூட்டைகளோடு ஹேஸ்டிங்ஸ், சுற்றிலும் மிதக்கும் இந்தியர்களின் பிணங்கள். நான் சேர்த்த வரி இதுதான்: இதே கில்ரே 1786-ல் ஹேஸ்டிங்ஸை இந்தியாவின் மீட்பராக வரைந்தார். அதில் அவர் ஒட்டகத்தின் மேல் வருகிறார். அவரை எதிர்த்த அரசியல்வாதிகள் பர்க், ஃபாக்ஸ், நார்த் மூவரும் கொள்ளையர்களாக அவரைத் தாக்குகிறார்கள்.

"இதைப் படித்ததும் காசுக்கு வரைந்தவன் என்று முடிவுகட்டி நகர்ந்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பிணங்களை யார் பார்ப்பார்கள்?" என்றார் அவர். மறைத்தால் கில்ரேயை நம் பக்கத்து ஆளாகச் சோடிக்கிறோம் என்றேன் நான்.

நான் சொன்னது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். 1797-லிருந்து பிரதமர் பிட்டின் அரசு கில்ரேக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு கொடுத்தது. இன்னொரு கேலிச் சித்திரக்காரர் ஜேம்ஸ் சேயர்ஸ் 1783-ல் வரைந்த படத்தைப் பாருங்கள்: நார்த்தின் முகம் கொண்ட யானைமேல் ஃபாக்ஸ் ஒரு கீழைநாட்டு அரசனைப் போலக் கம்பெனியின் லெடன்ஹால் தெரு அலுவலகத்துக்கு வருகிறார். பார்த்தால் அதிகாரத்தின் மீதான கேலிதான். ஆனால் அது குறிவைத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் சுரண்டலை அல்ல, கம்பெனியைக் கட்டுப்படுத்த ஃபாக்ஸ் கொண்டுவந்த மசோதாவை. அதே டிசம்பரில் மசோதா பிரபுக்கள் சபையில் தோற்றது. இந்தப் படங்களைக் காலனி எதிர்ப்பு என்று ஒரே சுவரில் மாட்டிவிட்டு இதையெல்லாம் சொல்லாமல் விடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

சரி, ஆனால் அவர் கேட்டதும் சின்ன விஷயம் இல்லை. எந்த நோக்கத்தில் வரைந்திருந்தாலும், கில்ரேயின் படம் விற்ற கடை வாசலில் நின்ற லண்டன்காரர் செத்த இந்தியர்களைப் பார்த்தார், அந்தச் சாவுக்கு மேலே பணத்தோடு உட்கார்ந்திருப்பவர் யார் என்பதையும் பார்த்தார். கட்சிச் சண்டைக்காக வரைந்த படம் என்பதால் அதில் உள்ள உண்மை குறைந்துவிடுமா? குறையாது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் என் வரி எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. தர்லோவுக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. மிதப்பவர்களுக்குக் கில்ரே எதுவும் தரவில்லை. அட்டையிலும் அவர்களுக்கு நான் பாதி வரிதான் கொடுத்தேன், மீதி இடமெல்லாம் ஆங்கிலேயர்கள் ஒருவரையொருவர் எப்படித் தாக்கிக்கொண்டார்கள் என்பதற்கே போனது. மிதப்பவர்களுக்காக வாதாடியது ஆங்கிலேயரான மூத்தவர், இந்தியனான நான் வாதாடியது வரைந்தவனின் வரலாற்றுக்காக.

ஹேஸ்டிங்ஸ் 1795-ல் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டார் என்று சேர்க்க முடியுமா என்றும் அவர் கேட்டார். அதற்கு இடமில்லை என்று இருவருமே ஒத்துக்கொண்டோம்.