மூன்றாவது 500 மீட்டர்

கடலூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். மாலையில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ரோயிங் மெஷின் பயிற்சியும் கொடுக்கிறேன். உட்கார்ந்தபடி துடுப்புப் போடுவதுபோல இழுக்கும் கருவி அது. வருகிறவர்கள் பெரும்பாலும் தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் மீனவக் குப்பங்களின் பிள்ளைகள். கடற்படைக்கோ கடலோரக் காவல் படைக்கோ போக உடம்பைத் தேற்றுகிறவர்கள்.

துடுப்புப் படகுப் போட்டிக்குரிய 2000 மீட்டரைத்தான் வைப்பேன். மெஷினில் அந்தத் தூரத்துக்கு ஆண்கள் உலக சாதனை 5 நிமிடம் 35.8 விநாடி, 2018இல் ஆஸ்திரேலியாவின் ஜோஷுவா டங்க்லி-ஸ்மித் செய்தது. எங்கள் பையன்களுக்கு எட்டு நிமிடத்தை ஒட்டி வரும். முதல் 500 மீட்டரில் எல்லாரும் பறப்பார்கள். கடைசி 500இல், முடியப்போகிறது என்ற தெம்பே இழுத்துக்கொண்டு போய்விடும். ஆளைக் காட்டிக்கொடுப்பது மூன்றாவது 500தான். மூச்சு தரும் சக்தி போதாமல் தசை ஆக்சிஜன் இல்லாமலும் சக்தி தயாரிக்க, அப்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருள் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். சும்மா இருக்கையில் லிட்டருக்கு 1 மில்லிமோல் அளவில் இருப்பது, தேர்ந்த வீரர்களுக்குப் பந்தய முடிவில் 15ஐத் தாண்டுவதுண்டு. அந்த நேரத்தில் பையன் உதடு வெளுக்கும். காலால் உந்த வேண்டிய இடத்தில் கை முந்திக்கொள்ளும். தோள் காதுவரை ஏறும். திரையில் 500 மீட்டருக்கு ஆகும் நேரம் 1:58 என்றிருந்தது 2:06க்குப் போகும்.

கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 62 துடுப்பு வீரர்கள். 75 சொற்களைப் பார்த்து நினைவிலிருந்து சொல்வது ஒரு சோதனை, மூன்று நிமிடம் முழு பலத்தோடு துடுப்புப் போடுவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது இரண்டுமே குறைந்தன. ஆனால் நினைவைவிட உடல் பலம்தான் அதிகம் இறங்கியது. மூளை தன் பங்கை விட்டுக்கொடுப்பதில்லை. எடையில் 2 சதவீதமே இருந்தாலும், ஓய்வில்கூட உடலின் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது.

"முதுகை நிமித்து, மணிக்கட்டைப் பாரு" என்று பக்கத்தில் நின்று ஓயாமல் கத்தும் பயிற்சியாளர்கள் உண்டு. கேட்டுப் புரிந்துகொள்வதும் மூளைக்கு வேலைதானே? சொல்ல வேண்டியதையெல்லாம் வார்ம்-அப்பிலேயே சொல்லிவிடுவேன். மூன்றாவது 500இல் "காலு தம்பி, காலு", அவ்வளவுதான்.

யாரையும் தனியாக இழுக்க விடுவதும் இல்லை. ஆக்ஸ்போர்டு படகு அணி வீரர்கள் 12 பேரை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், ஒரே பயிற்சியைத் தனியாகச் செய்தபோது இருந்ததைவிடக் கூட்டாகச் செய்தபோது வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. காட்டிய பலம் என்னவோ ஒன்றுதான். வலியைக் குறைக்க உடலே சுரக்கும் எண்டார்பின் வேலை என்கிறார்கள். கரையில் நின்று கூட்டமாகக் கரைவலை இழுத்த பெரியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அம்பா என்ற மீனவர் வேலைப் பாட்டைப் போட்டு ஒரே பிடியாக இழுத்தவர்கள் அவர்கள்.

"எங்க தாத்தா அம்பா நல்லாப் பாடுவாருண்ணே, பாடிக்கிட்டே இழுக்கட்டுமா?" என்றான் ஒருவன். அந்த வேகத்தில் பாட மூச்சு ஏது? தாத்தாவையே கூட்டி வரச் சொன்னேன். இரண்டு மெஷினுக்கும் நடுவில் நாற்காலி போட்டு, நிமிடத்துக்கு 26 இழுப்பு வருகிற மாதிரி அவர் பாட வேண்டும். வருகிற வாரம் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.