பி.எச்.ஐ. முதலில் பார்ப்பது வடையை அல்ல

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் மாமாவுக்குத் தேத்தண்ணிக் கடை. மத்தியானத்தில் காசு மேசையில் நான்தான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்தால் வடைப் பெட்டியைத்தான் பார்ப்பார் என்று சனம் நினைக்கும். போன கிழமை வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போனார்.

"கிணத்துக்குக் குளோரின் போட்டனீங்களோ அண்ணை?"

குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, குளிசை ஒன்றைப் போட்டுக் குலுக்கினார். மெல்லிய இளஞ்சிவப்பு. தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம். சரி, தப்பினோம். எங்களுடையது சுண்ணாம்புக்கல் நிலம். மலசலகூடக் குழியின் கசிவு சுலபமாகக் கிணற்றுக்கு வந்துவிடும். நெருப்புக்காய்ச்சல் (தைபொயிட்) அப்படியும் பரவும், கிருமி உள்ள ஒருவர் சமைத்தாலும் பரவும். சமைப்பவர்களின் மருத்துவச் சான்றிதழைக் கேட்பதும் அதனால்தான்.

கடைசியில் பிடிபட்டது, வடை சுற்றிய பழைய பேப்பர். அச்சு மை சாப்பாட்டில் ஒட்டுமாம்.

"இவர் நினைச்சால் கடையைப் பூட்டிப்போடுவார்" என்று மாமா புறுபுறுத்தார். அப்படியில்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பரிசோதகர் வழக்குப் போடலாம். தண்டமும் பூட்டும் நீதவான் கையில். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருக்கிறது.

மாமா இப்போது வெள்ளைத்தாள் வாங்குகிறார். அதைச் சாட்டி வடைக்கு ஐந்து ரூபாய் கூட்டியும் விட்டார்.