புது ரிவால்வர், இடப்பக்கம் விழும் குண்டுகள்

செப்டம்பர் 14, 2024, சனி. கேட்டி, டெக்சஸ்

இரண்டு வருடமாகப் பணம் சேர்த்து வாங்கிய ரிவால்வரை இன்றுதான் முதல் தடவை சுட்டுப் பார்த்தேன். தோட்டா வகை .357 மேக்னம், ஆறு தோட்டா, 4 அங்குலக் குழல். குறி பார்க்கும் பின் சைட்டைத் திருகி மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தலாம். வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து கையில் வாங்கியபோது அதன் கனமே எனக்குப் பிடித்துப்போனது. எந்தக் கம்பெனி என்று இங்கே எழுதப் போவதில்லை.

போட்டது .38 ஸ்பெஷல், 158 கிரெயின் குண்டு, அதாவது சுமார் 10 கிராம். .357 ரிவால்வரில் .38ஐத் தாராளமாகப் போடலாம். குண்டின் விட்டம் ஒன்றுதான், மருந்து அடைத்த கூடு மட்டும் கொஞ்சம் குட்டை. விலை குறைவு, உதையும் குறைவு. புதிதாகப் பழகுவதற்கு இதுதான் சரி.

15 யார்டு தூரம். ஆறு குண்டு. ஆறும் கறுப்பு வட்டத்தின் நடுவிலிருந்து 3 அங்குலம் இடப்பக்கம், ஒன்றரை அங்குலம் கீழே. ஆனால் சிதறவில்லை. உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டபோது ஹவில்தார் இதைத்தான் பார்ப்பார். எங்கே விழுந்தது என்பது அப்புறம், முதலில் குரூப்பிங்.

திருகாணியைத் திருப்பக் கை பரபரத்தது. திருப்பவில்லை. வலதுகைக்காரர் சுட்டு, குண்டு இடது கீழே போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையைத்தான். டிரிகரை இழுக்கும்போது மற்ற விரல்களும் சேர்ந்து இறுகும், குழல் முனை இடது கீழாக இழுபடும். கைத்தவறுக்குச் சைட்டைத் திருத்தினால், பிறகு கை சரியாகும் நாளில் சைட் தப்பாக நிற்கும்.

ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன். பின் சைட் தகடு நடுவில் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோதே ஒரு நூலிழை வலப்பக்கம் தள்ளி இருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

வீட்டில், குண்டு சுடாமல் வெறும் டிரிகர் பயிற்சி. தோட்டா போடும் உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பார்த்தேன். தோட்டாப் பெட்டி வேறு அறையில், பூட்டிய அலமாரியில். இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டேன்.

முன் சைட்டின் மேல் ஒரு 10 சென்ட் காசை வைத்து, அது விழாமல் டிரிகரை இழுக்க வேண்டும். முதல் பத்தில் நான்கு தடவை விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இருபதில் ஒன்று.

“ஏங்க, இதுக்கா அவ்வளவு பணம் குடுத்தீங்க, காசை நிக்க வைக்கவா?” என்றாள் மனைவி. பிறகு அவளே வந்து உட்கார்ந்து, எந்த இழுப்பில் காசு ஆடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை அழுத்தும்போதுதான் ஆடுகிறதாம். சரியாகத்தான் சொன்னாள்.

செப்டம்பர் 21, சனி

மணல் பையின் மேல் கையைத் தாங்கவைத்துச் சுட்டேன். உலோகம் எதுவும் பையில் படாமல், கை மட்டும் படும்படி. கீழே விழுவது ஒன்றரையிலிருந்து முக்கால் அங்குலமாகக் குறைந்தது. அது என் கைத்தவறு, காசுப் பயிற்சியில் போயிருக்கிறது. இடப்பக்க 3 அங்குலம் மட்டும் அப்படியே.

பக்கத்து லேனில் ஒரு பெரியவர். லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இடதுகைக்காரர். விஷயத்தைச் சொல்லி, ஆறு குண்டு சுட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். இடதுகைக்காரரின் கைத்தவறு வலப்பக்கம்தான் போகும். அவர் நிதானமாகச் சுட்டார். ஆறும் இடப்பக்கம், என் ஓட்டைகளுக்குப் பக்கத்திலேயே. காகிதத்தைப் பார்த்துவிட்டு, “உன் மேல் தப்பில்லை” என்றார். ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அதற்குப் பிறகுதான் திருப்புளியை எடுத்தேன். பின் சைட்டைப் பொறுத்தவரை விதி எளிது: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்து. முன் சைட்டானால் தலைகீழ். நான்கு கிளிக், மூன்று குண்டு. மறுபடி நான்கு கிளிக், மூன்று குண்டு. உயரம் உடனே சரியானது. இடவலம் ஆகவில்லை. திருகாணி வலது ஓரத்தில் முட்டி நின்றபோதும் குண்டு இன்னும் ஒன்றரை அங்குலம் இடப்பக்கமே விழுந்தது. அதற்கு மேல் திருப்ப இடமில்லை.

திருப்புளி பற்றி ஒரு வார்த்தை. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். திருகாணியின் காடியில் அடிவரை பிடிக்காது, ஓரத்தைச் சிதைத்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்றே முனை இணையாகத் தீட்டியது தனியாக விற்கிறது. அதை வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று முழுக்க அளவெடுப்பு. நான் எண்ணெய்க் கிணற்று வால்வுகளுக்கு வரைபடம் போடுகிறவன், ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வெர்னியரும் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலில் சிலிண்டர் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. .006 அங்குலத் தகடு நுழைகிறது, .007 நுழையவில்லை. நல்ல அளவு. .010ஐத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

அடுத்து, சுழற்சி சரியான நேரத்தில் பூட்டுகிறதா என்று பார்த்தேன். சிலிண்டரின் மேல் விரலை லேசாக உரசவைத்துக்கொண்டு, தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹேமரை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். (தருமபுரிப் பக்கம் எங்கள் தாத்தா கடலைக் காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் போட்ட கெட்டித் துப்பாக்கி வைத்திருந்தார். அவர் வாயில் இது ‘குதிரை’. ஹேமரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்தான் எனக்கு வருகிறது.) குதிரை கடைசி நிலைக்குப் போவதற்குள் கீழேயுள்ள பூட்டு சிலிண்டரின் பள்ளத்தில் ‘டிக்’ என்று விழுந்துவிட வேண்டும். ஆறு அறையிலும் விழுந்தது. பிந்தினால் அறையும் குழலும் நேர்க்கோட்டில் நிற்காது, குண்டின் ஓரத்தைக் குழல் சீவும், ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். அப்படி எதுவும் இல்லை.

பிறகு முன் சைட். ரிவால்வரைத் துணி சுற்றிய வைஸில் மெல்லப் பிடித்து, சட்டத்தின் (ஃபிரேமின்) மேற்பரப்பில் நேர்விளிம்பு வைத்து, பின்னாலிருந்து ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கினேன். முன் சைட் வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. தனியே பார்த்தால் தெரியாது. நேர்விளிம்பு பக்கத்தில் வந்தவுடன் பளிச்சென்று தெரிகிறது.

கணக்கும் ஒத்துப்போகிறது. இரண்டு சைட்டுக்கும் நடுவே 6 அங்குலம். 15 யார்டு என்றால் 540 அங்குலம். ஆக, சைட்டில் இருக்கும் பிழை டார்கெட்டில் 90 மடங்காகும். 3 அங்குலத்தை 90ஆல் வகுத்தால் .033, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தொழிற்சாலையில் ஏற்கெனவே பின் சைட்டை வலப்பக்கம் தள்ளியிருந்ததையும் சேர்த்தால் சுமார் .04 அங்குலம். குழலைச் சட்டத்தில் மரையேற்றும்போது இரண்டரை டிகிரி குறைவாகத் திருகி நிறுத்தியிருக்கிறார்கள். முன் சைட் குழலோடு சேர்ந்தது, அதனால் அதுவும் சாய்ந்துவிட்டது. சாய்ந்த முன் சைட்டைப் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் கொண்டுவர நான் குழலை இடப்பக்கம் திருப்புகிறேன், குண்டும் அங்கேயே போகிறது.

முதல் நாள் குறித்து வைத்த அந்த ‘ஒரு நூலிழை’ இதைத்தான் சொல்லியிருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

இன்றைக்கு வேறு தொல்லை.

பத்தாவது சுற்று இருக்கும், 60 குண்டுக்குப் பக்கம். டிரிகர் திடீரென்று கனத்தது. சிலிண்டர் பாதி சுழன்று முரண்டியது. குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு, டிரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அரை நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு திறந்து காலி செய்தேன். கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் இரண்டு, கடுகில் பாதி. அந்தத் தகடு இம்மி உயர்ந்தாலும் தோட்டாவின் அடி பின்பக்கச் சட்டத்தில் உரசும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்ததும் சரியானது. அதிலிருந்து கூடுகளைத் தள்ளும்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்திப் பிடிக்கிறேன், துகள் உள்ளே விழாமல் தரையில் விழும்.

ஆனால் இரண்டு சுற்று கழித்து மறுபடி முரண்டியது. இந்த முறை சிலிண்டர் திறக்கவே இல்லை. ஆறும் சுட்டாகிவிட்டது என்று எண்ணி வைத்திருந்தேன், இருந்தாலும் ஒரு தோட்டா உள்ளே இருப்பதாகவே வைத்துக்கொண்டு சுடுதளத்து (ரேஞ்ச்) அலுவலரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பார்வையில் சொல்லிவிட்டார், கூடு தள்ளும் கம்பியின் மரை கழன்றிருக்கிறது. கம்பி கழலக் கழல நீளமாகும். முன்பக்கப் பூட்டில் போய் இறுகிக்கொள்ளும், சிலிண்டர் வெளியே வராது. ஒரு தோல் துண்டால் கம்பியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். நாலைந்து திருகில் ‘க்ளக்’ என்று திறந்தது. உள்ளே ஆறும் வெறும் கூடு.

கம்பியில் இருப்பது இடதுமரை. வழக்கம்போல வலப்பக்கம் திருகினால் இறுகாது, இன்னும் கழலும். இறுக்கும்போது அறைகளில் வெறும் கூடுகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திருகும் விசையெல்லாம் நட்சத்திரத் தகட்டின் சின்ன ஊசிகள் மேல் விழுந்து அவை வளைந்துவிடும். அலுவலர் இதை இரண்டு முறை சொன்னார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

திருப்பி அனுப்புவதென்று முடிவு. லேத்காரப் பெரியவரிடமும் கேட்டேன். முன் சைட்டை ராவிச் சரிசெய்யலாமா என்ற யோசனையை அவர் வளரவே விடவில்லை. அரம் உயரத்தைக் குறைக்கும், சாய்வை எடுக்காது. வாரன்டியும் போய்விடும். மரப்பலகைகளுக்கு நடுவே குழலைப் பிடித்துத் தட்டித் திருப்புவது பற்றிக் கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

கடிதத்தில் கோபம் எதுவும் எழுதவில்லை. எந்தத் தோட்டா, எத்தனை கிரெயின், எத்தனை யார்டு, இருவர் சுட்டது, பின் சைட் எங்கே முட்டி நின்றது, இடைவெளி .006, கம்பி எத்தனையாவது குண்டில் கழன்றது. கூடவே இரண்டு டார்கெட் காகிதமும் நேர்விளிம்புப் படமும்.

அக்டோபர் 1, செவ்வாய்

கம்பெனியே கூரியர் சீட்டு அனுப்பியது. பெட்டியில் ரிவால்வர் மட்டும், ஒரு தோட்டாகூட இல்லை என்று மூன்று முறை பார்த்துவிட்டு ஒட்டினேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வெர்னியர், ஃபீலர் கேஜ், புதுத் திருப்புளிகள், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், மடிக்கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ரிவால்வர் மட்டும் ஊரில் இல்லை. அதன் காலிப் பெட்டிக்கு மகள் ஒரு பொட்டு வைத்தாள்.

அக்டோபர் 25, வெள்ளி

வந்துவிட்டது. உள்ளே ஒரு வரிக் குறிப்பு: குழல் நிலை திருத்தப்பட்டது, கம்பி மரைப்பசை போட்டு இறுக்கப்பட்டது.

வந்ததும் நேர்விளிம்பு வைத்தேன். முன் சைட் செங்குத்து. பின் சைட் தகடு நடுவில். இடைவெளி இன்னும் .006தான். குழலை மேலும் திருகியிருந்தால் இது குறைந்திருக்க வேண்டாமா என்று முதலில் குழம்பினேன். மரை அவ்வளவு நெருக்கமானது. முழுச் சுற்றுக்கே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகரும்போது இரண்டரை டிகிரிக்கு என்ன மாறிவிடும்? என் கேஜில் தெரியாது.

நவம்பர் 2, சனி

மணல் பை, 158 கிரெயின் .38, 15 யார்டு. முதல் ஆறு நடுக்கோட்டில், அரை அங்குலம் கீழே. உயரத் திருகாணியை இரண்டு கிளிக் மேலே ஏற்றினேன். அடுத்த ஆறு கறுப்பின் நடுவில். இடவலத் திருகாணியைத் தொடவே இல்லை. 25 யார்டுக்குத் தள்ளிவைத்துச் சுட்டபோதும் குரூப்பிங் இரண்டரை அங்குலத்துக்குள். பெரியவரும் ஆறு சுட்டார், கறுப்புக்குள்தான்.

அப்புறம் .357, 125 கிரெயின். 25 யார்டில் ஒன்றரை அங்குலம் கீழே விழுகிறது. இது பழுதில்லை. இலேசான குண்டு வேகமாகக் குழலை விட்டுப் போய்விடுகிறது, உதையில் குழல் மேலே எழுவதற்குள். கனமான குண்டு கொஞ்சம் தாமதிக்கிறது, அந்த எழுச்சியோடு மேலே போகிறது. எனக்கு 158தான் அன்றாடத் தோட்டா, சைட் அதற்கே இருக்கட்டும்.

.38க்குப் பிறகு .357 போட்டபோது மூன்றாவது அறையில் தோட்டா கடைசி அரைக்கால் அங்குலம் இறங்கத் தயங்கியது. குட்டைக் கூடு முடியும் இடத்தில் கரி வளையம் கட்டியிருந்தது. பித்தளை பிரஷ், கரைப்பான், பத்து தேய்ப்பு, பிறகு தானாக விழுந்தது. இனி .357க்கு முன்னால் அறைகளைத் தேய்த்துவிடுவேன்.

மொத்தம் 96 குண்டு. சிலிண்டர் ஒரு தடவையும் முரண்டவில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கம்பியை விரலால் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. வீட்டுக்கு வந்து குளிர்ந்த தண்ணீரில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஈயம் ஒட்டியிருக்கும். மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் உயரத் திருகாணியின் காடிக்கு நேராக ஒரு மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன். நகர்ந்தால் உடனே தெரியும்.