மலை ஏரியில் சூடேறும் அவுட்போர்டு மோட்டார்

நீலகிரியின் பைக்காரா ஏரியில் ஓடும் படகொன்றின் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் என்ஜின்) சூடேறுவதாகவும், ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும்போது) தடுமாறி நின்றுவிடுவதாகவும் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். இரண்டு தொல்லைகளும் சேர்ந்து வந்தாலும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் சூட்டைத்தான் கவனித்தேன். தடுமாறும் என்ஜின் படகைத்தான் நிறுத்தும், சூடேறிய என்ஜினோ பிஸ்டனையே சிலிண்டரோடு இறுக்கிவிடும். இந்தக் குளிரில் மோட்டார் எப்படிச் சூடாகும் என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டாரைக் குளிர்விப்பது அது உறிஞ்சும் ஏரித் தண்ணீர்தான்; அது உள்ளே ஓடாவிட்டால் எந்தக் குளிரும் உதவாது. அதோடு இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

மோட்டாரின் பின்புறம் பீய்ச்சியடிக்க வேண்டிய நீர்த்தாரை நூல்போல மெலிந்து, விட்டுவிட்டு வந்தது. நீர் உறிஞ்சும் சல்லடையில் அப்பியிருந்த பாசியை வழித்தெடுத்தும் தாரை தேறவில்லை. கீழ்ப்பகுதியைக் கழற்றிப் பம்பைத் திறந்தபோது, தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் ஒரே பக்கமாக வளைந்து விறைத்திருந்தன. ஒன்றின் நுனி பிய்ந்து போயிருந்தது. புதியதைப் போடுவதோடு வேலை முடிவதில்லை. பிய்ந்த துண்டு மேலேறி, சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையோ நீர்வழியையோ அடைத்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதால், அதைக் கண்டெடுக்கும்வரை விடக்கூடாது.

ஐடில் தடுமாற்றத்தின் கதை வேறு. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலுள்ள இவ்விடத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கடற்கரையோரத்தில் டியூன் செய்த கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) இங்கே பெட்ரோலை மிகையாகக் கொடுக்கும். ஸ்பார்க் பிளக்கின் முனையில் ஈரக்கரி படிந்திருந்தது. ஐடிலில் பெட்ரோலை விடும் சிறு துளையான பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்து, என்ஜின் சூடான பிறகு கலவைத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்தேன். முழு வேகத்திலும் கரும்புகை தொடர்ந்தால் அந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டை ஒரு படி சிறியதாக மாற்ற வேண்டியிருக்கும். அப்படி மாற்றினால், அந்த மோட்டார் சமவெளிக்கு இறங்கும்போது பழைய ஜெட்டை மறவாமல் திரும்பப் பொருத்த வேண்டும்.