டியூட்டிரியம் இணைவை அளந்தபோது: எண்ணுவதைவிட வகுப்பதே கடினம்

ஆய்வு மாணவனாக எனக்குக் கிடைத்த முதல் வேலை, இரண்டு டியூட்டிரியம் (கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் உள்ள கன ஹைட்ரஜன்) கருக்கள் மோதி இணையும் வாய்ப்பைக் குறைந்த ஆற்றலில் அளப்பது. 1934இல் கேம்பிரிட்ஜில் ஒலிஃபன்ட், ஹார்டெக், ரதர்ஃபோர்டு மூவரும் கண்ட வினைதான். ஒரு வழியில் டிரிட்டியமும் புரோட்டானும் பிறக்கும், இன்னொரு வழியில் ஹீலியம்-3உம் நியூட்ரானும். நாங்கள் புரோட்டானைப் பிடித்தோம். டியூட்ரான்களை, அதாவது டியூட்டிரியம் கருக்களை, ஒரு கற்றையாக (பீம்) முடுக்கி, டியூட்டிரியம் உள்ள இலக்கின் (டார்கெட்) மீது மோதவிட்டோம். இணையாமல் சிதறி வரும் டியூட்ரான்கள்தான் ஏராளம். அதனால் சிலிக்கான் டிடெக்டருக்கு முன்னால் சில மைக்ரான் தடிமனில் அலுமினியத் தாள் வைத்தோம். சிதறியவை அதிலேயே நின்றுவிடும். புரோட்டான் சுமார் 3 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு வருவதால் துளைத்துக்கொண்டு போய்விடும்.

ஆக, எண்ணுவதில் பெரிய சிக்கல் இல்லை. அந்த எண்ணிக்கையை எதால் வகுப்பது என்பதில்தான் காலம் போனது. எத்தனை டியூட்ரான்கள் வந்து விழுந்தன? அவற்றுக்கு எதிரே எத்தனை டியூட்டிரியம் அணுக்கள் இருந்தன?

முதல் கேள்விக்கு பீமின் மின்னோட்டத்தை அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பீம் படும் இடத்திலிருந்து எலக்ட்ரான்கள் தெறிக்கும். எதிர்மின் வெளியேறுவதும் நேர்மின் உள்ளே வருவதும் மீட்டருக்கு ஒன்றுதான், அதனால் மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும். டார்கெட்டுக்கு முன்னால் எதிர் மின்னழுத்தம் கொடுத்த வளையத்தை வைத்து எலக்ட்ரான்களைத் திருப்பி அனுப்பினோம். அந்த மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். மீட்டர் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் அதை நம்பினோம்.

இரண்டாவது கேள்வி இன்னும் பாடுபடுத்தியது. எங்கள் டார்கெட், டியூட்டிரியம் ஏற்றிய டைட்டானியப் படலம். பீமின் சூட்டில் டியூட்டிரியம் கசிந்து போகும். போதாக்குறைக்கு, வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் எண்ணெய் ஆவியால் மேலே கரி படிந்து, உள்ளே போகும் டியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும். குறைந்த ஆற்றலில் இது சின்ன விஷயம் இல்லை. நிறைமையச் சட்டகத்தில் (மோதும் இரண்டு கருக்களின் பொது நிறைமையம் அசையாமல் இருப்பதாக வைத்துக் கணக்கிடும் பார்வையில்) 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 10க்கு இறங்கினால் இணையும் வாய்ப்பு நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால் ஒவ்வோர் அளவீட்டுக்குப் பிறகும் ஒரே குறிப்பிட்ட ஆற்றலுக்குத் திரும்பி வந்து, எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று பார்த்தோம். பீம் நேரத்தில் கணிசமான பங்கு இதற்கே போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறொன்று. மோதும் இரண்டு கருக்களும் ஒரே வகை என்பதால், நிறைமையச் சட்டகத்தில் புரோட்டான்கள் 90 பாகைக்கு இருபுறமும் சமச்சீராகத்தான் வர வேண்டும். இயற்கையே இலவசமாகத் தரும் உரைகல் இது. முன்னும் பின்னும் வைத்த டிடெக்டர்களின் எண்ணிக்கைகள், நிறைமையச் சட்டகத்துக்கு மாற்றும் திருத்தத்துக்குப் பிறகும் ஒத்துப்போகாவிட்டால், டிடெக்டரின் கோணத்தையோ தூரத்தையோ மறுபடி அளக்க வேண்டும்.

இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்தில் 1,400 மீட்டர் பாறைக்கு அடியில், ஹீலியம்-3 கருக்கள் இரண்டு இணைவதை மாதத்துக்குச் சுமார் 2 நிகழ்வு என்ற வேகத்தில் எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பொறுமையை இப்போது முழுமையாக மதிக்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவர்கள், பீம் கிடைத்ததும் குறைந்த ஆற்றலுக்கு ஓடிவிடாதீர்கள். 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி ஏற்கெனவே நன்றாக அளக்கப்பட்ட மதிப்புகள் உள்ளன. உங்கள் எண் அவற்றோடு பொருந்தட்டும், அப்புறம் படிப்படியாக இறங்குங்கள்.