அப்புச்சியின் சிஜே3பி: முன் அச்சு வேலை முடிந்தது

எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) சிஜே3பி பெட்ரோல் ஜீப்பில் முன் அச்சு வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. டயரின் உள்பக்கம் கிரீஸ் வழிவது நின்றுவிட்டது, ஸ்டியரிங் ஆட்டமும் போய்விட்டது.

அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா 1940களின் கடைசியிலேயே இங்கே பாகங்களைக் கோத்துத் தயாரிக்க ஆரம்பித்தது. சிஜே3பி பிறகு வந்த மாடல். பானெட் உயர்ந்து நிற்பதை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். அதன் 2.2 லிட்டர் என்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும். என்ஜின் உயரம் கூடியதால் பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று.

சின்ன வயதில் லீவு விட்டால் அப்புச்சியோடு கோபியிலிருந்து கடம்பூர் மலைக்குப் போவேன். மாக்கம்பாளையம் வழியில் சர்க்கரைப்பள்ளத்தில் தண்ணீர் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிடுவார். ஃபேன் தண்ணீரை வாரி, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் அடித்தால் ஸ்பார்க் போய்விடும். "கண்ணு, கம்பியைப் புடிச்சுக்கோ" என்பார். அப்புறம் அவசரமே இல்லாமல் இறக்குவார். அக்கரை ஏறியதும் பெல்ட்டை மாட்டிவிட்டு, பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டுவார். நாலும் டிரம் பிரேக், காய்ந்தால்தான் பிடிக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முன் அச்சின் இரு முனையிலும் சக்கரம் திரும்புவதற்கு இரும்புக் குண்டு ஒன்று உண்டு. அதன்மேல் துரு அரித்துக் குழி விழுந்தால், கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் சீல் கிழிந்துவிடும். எத்தனை புது சீல் போட்டாலும் நிற்காது. குண்டைத் தண்ணி எமரித் தாளால் தேய்த்துத் தேய்த்து, நகம் வைத்து இழுத்தால் எங்கேயும் தடுக்காத அளவுக்குக் கொண்டுவந்தோம். சக்கரம் இடம் வலம் திரும்பத் தாங்கும் கிங் பின்னின் பேரிங் புதிது. அதன் இறுக்கத்தை மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பட்டறை அண்ணன் சீல் மாட்டாமல், இரண்டு சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் டை ராட் மாட்டுகிற ஓட்டையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கி போட்டு இழுத்தார். "முள்ளைப் பாருங்க தம்பி, குதிக்காம ஒரே சீரா வரோணும்" என்றார். ஒரு தகடு எடுத்து, மறுபடி இழுத்து, மறுபடி ஒரு தகடு வைத்து என்று சாயங்காலம் வரை அதே வேலை. இந்தப் பொறுமை உள்ள கைகள் இப்போது குறைந்துவிட்டன.

ஓட்டிப் பார்க்கத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் கல் ஓடைக்கே கொண்டுபோனேன். கியர் கம்பி போக இன்னும் இரண்டு கம்பி உண்டு. ஒன்று நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீலுக்கு, இன்னொன்று வேகம் குறைத்து இழுவை கூட்டும் லோவுக்கு. முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோ கிடையாது, அதனால் நிறுத்திவிட்டுப் போடுவது நல்லது. ஓட்டத்தில் என்றால் டபுள் கிளட்ச், அதாவது நியூட்ரலில் ஒருமுறை, கியர் போட ஒருமுறை என்று கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். கியர் பாக்ஸ், லோ, அச்சு மூன்றும் சேர்ந்தால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் சுமார் 37 சுற்று சுற்றும். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை. முன் டயர் கல்லின்மேல் ஏறி, ஒரு கணம் நின்று, மெல்ல மறுபக்கம் இறங்கியது. ஸ்டியரிங் கையை உதறவே இல்லை. பழைய ஜீப்பின் பலம் வேகத்தில் இல்லை, இந்த நிதானத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

புதிதாக இதை ஓட்டுபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பாதீர்கள். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃபரன்ஷியல் இல்லாததால் அந்த முறுக்கு கியரிலேயே தங்கிவிடும், கம்பி வெளியே வராது. மண்ணிலும் கல்லிலும் டயர் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும், முறுக்கும் தீர்ந்துவிடும்.

அடுத்த வேலை, கமான் பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்) சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ். கூடவே கிரீஸ் அடிக்கும் நிப்பிள் எல்லாவற்றையும் கழற்றி, அடைப்பு எடுத்து, கிரீஸ் அடிக்க வேண்டும். பின்பக்க இடது பட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், சத்தம் அங்கேதான் அதிகம்.