எடை பார்த்து வாங்கிய பவர் பாங்க்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டிருந்தபோது, யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கடையில் அவசரமாக ஒரு பவர் பாங்க் வாங்கினேன். அதன் முகப்பில் 20,000 எம்ஏஎச் (பற்றரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்பதைக் காட்டும் அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஆனால் 5,000 எம்ஏஎச் பற்றரி கொண்ட என் கைத்தொலைபேசியை அது ஒரு தடவை முழுதாக நிரப்பவே திணறியது. வேறு வழியின்றி இரண்டு ஆண்டுகள் அதையே வைத்திருந்தேன்.

பின்னர் அப்பாவைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு அழைத்துச் செல்லவேண்டி வந்தது. அவர் அணிவது சார்ஜ் ஏற்றும் வகையிலான செவிப்புலன் கருவி. அதில் சார்ஜ் இறங்கிவிட்டால் மருத்துவர் கேட்பது அவருக்கு விளங்காது. எனவே இம்முறை விசாரித்தே வாங்குவது என்று உறுதியாக இருந்தேன்.

முதலில் பழையதை எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள பலசரக்குக் கடைக்குக் கொண்டுபோய், பருப்பு நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். 190 கிராம் காட்டியது. பவர் பாங்குகளில் பரவலாகப் பயன்படும் 18650 வகை உருளைப் பற்றரி ஒன்று 45 கிராமுக்கு மேல் எடையுள்ளது. தரமான ஒன்றே ஏறக்குறைய 3,500 எம்ஏஎச் தான் கொள்ளும். 20,000 வேண்டுமென்றால் அப்படி ஆறு தேவை. பற்றரிகளின் எடை மட்டுமே 270 கிராமைத் தாண்டிவிடும். உறையையும் சுற்றுப்பலகையையும் கணக்கில் சேர்க்காமலே அந்தப் பொய் வெளிப்பட்டுவிட்டது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி இரண்டு ஆண்டுகள் ஏமாந்ததை எண்ண, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

அடுத்துப் போன கடையிலிருந்த தம்பி, நான் கேட்காமலே பொருளைத் திருப்பிக் காட்டினார். "அண்ணை, முன்னுக்குப் போட்டிருக்கிறது உள்ள இருக்கிற பற்றரியின்ர கணக்கு. வெளியில வாறது பின்னுக்குச் சின்ன எழுத்தில இருக்கு, அதைப் பாருங்கோ," என்றார். பின்புறத்தில் 74 வாட் மணி (உள்ளே சேமிக்கப்படும் மொத்த மின்சக்தியின் அளவு) என்றும், 5 வோல்ட்டில் 12,000 எம்ஏஎச் என்றும் இருந்தது. பற்றரியின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது எம்ஏஎச் எண்ணிக்கை குறைவதும், வெப்பமாகச் சிறிது இழப்பு ஏற்படுவதும் இயல்பு என்பதால், இந்தக் கணக்கு எனக்கு நேர்மையாகப் பட்டது. என் கைத்தொலைபேசியை அது இரண்டு தடவைக்கு மேல் நிரப்பும். எடையும் 400 கிராமுக்குக் கிட்ட இருந்தது. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுசெல்லக்கூடிய எல்லை 100 வாட் மணி. அதையும் கைப்பையில் மட்டுமே வைக்கலாம். ஆகவே பலாலி விமான நிலையத்தில் சோதனையின்போது தெளிவாகக் காட்டக்கூடியதாக வாட் மணி எண் அச்சிடப்பட்டிருப்பதும் முக்கியமாக இருந்தது.

விரைவாகச் சார்ஜ் ஏறுவதற்கு வாட் எண் மட்டும் போதாது. என் சாம்சங் 25 வாட்டில் ஏறவேண்டுமென்றால் யூஎஸ்பி பீடி என்ற விரைவுச் சார்ஜ் முறையோடு, வோல்ட்டைத் தேவைக்கேற்பச் சிறிது சிறிதாக மாற்றும் பிபிஎஸ் என்ற வசதியும் இருக்கவேண்டும். கடையிலேயே டைப் சி வயரைச் செருகி, திரையில் அதிவிரைவு என்ற அறிவிப்பு தோன்றியதைக் கண்ட பிறகுதான் பணம் கொடுத்தேன். பவர் பாங்கையே நிரப்புவதற்கு வீட்டிலிருந்த பழைய 10 வாட் சார்ஜர் ஓர் இரவு முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், 20 வாட் சார்ஜர் ஒன்றையும் சேர்த்து வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து செவிப்புலன் கருவியின் சார்ஜ் ஏற்றும் பெட்டியைப் பவர் பாங்குடன் இணைத்தபோது, அரை நிமிடத்தில் விளக்கு அணைந்துவிட்டது. சிறிய கருவிகள் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுப்பதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதிப் பவர் பாங்க் தானாகவே நின்றுவிடுகிறது. பதறிப்போய்க் கையேட்டைப் புரட்டினேன். பொத்தானை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்னோட்ட முறைக்கு மாறும் என்றும், அது இரண்டு மணி நேரம் மட்டுமே நீடிக்கும் என்றும் அதில் இருந்தது. அப்பாவின் கருவி நிரம்ப மூன்று மணி நேரம் வேண்டும். அதனால் சென்னையில் தங்கியிருந்த நாள்களில் இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறையும், பதினொரு மணிக்கு எழுந்து இன்னொரு முறையும் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.